ஏப்பம் வந்தா செமிச்சிருச்சா மருமவனே?

வாரும் மருமவனே, ஒக்காரும். பாட்டில முதுகுக்குப் பின்னால ஒளிக்காண்டாம். மாமன் ஒண்ணும் பிடுங்கிக் குடிச்சிர மாட்டேன். உம்ம அத்தை ஆக்குன பிரியாணியில மூணாந்தடவை கைய வச்சப்பவே தெரிஞ்சுபோச்சு, இது கறுப்புத் தண்ணியிலதான் வந்து முடியும்னு. குடியும், குடியும். குடிச்சிட்டு அந்த ஏப்பத்தையும் விட்டுரும். விருந்துக்கு வந்த ஆளு ஏப்பம் விடலன்னா சமைச்சவளுக்கு மனசு ஆறாது.

"கேஸு வெளிய போனாத்தான் மாமா செமிக்கும்"ங்கீரு. சரி, சிவகாசி லாரி ஆபீசுல கணக்கு எழுதுத ஆளுகிட்ட கணக்காவே கேக்கேன். அந்த அறுநூறு மில்லி பாட்டில்ல அடைச்சிருக்க காத்தை மட்டும் தனியா வெளிய எடுத்தா ரெண்டு லிட்டரு பக்கம் வரும். பாட்டில விட மூணு பங்கு காத்து தண்ணிக்குள்ளயே நெருக்கிக்கிட்டு கெடக்கு. அதை அப்படியே வயித்துல எறக்குனீரு. வயிறு என்ன செய்யும்? எடம் இல்ல சாமின்னு வந்த வாசல் வழியாவே திருப்பி அனுப்புது. நீரு குடுத்த கைமாத்துத் துட்டு உமக்கே திரும்பி வந்தா, அதை வருமானம்னு பேரேட்டுல எழுதுவீரா? எழுத மாட்டீர்லா. உள்ள போன காத்து வெளிய வந்துருச்சு, அம்புட்டுத்தான். பிரியாணி எங்க வச்சீரோ அங்கனயேதான் குத்த வச்சு ஒக்காந்திருக்கு.

உம்மள மட்டும் குத்தம் சொல்லப்படாது. மெக்சிகோ நாட்டுல சியாபாஸ்னு ஒரு மாநிலம். அங்க சான் ஹுவான் சமுலான்னு ஒரு மலையூரு. அந்த ஊரு தேவாலயத்துல மெழுகுதிரி ஏத்தி, முன்னால கோலா பாட்டில நிப்பாட்டி, சாமி கும்பிட்டு, குடிச்சு ஏப்பம் விடுதாவ. ஏப்பத்தோட கெட்ட ஆவி வெளிய போயிரும்னு நம்பிக்கை. எம் பேத்தி நர்சு படிக்காள்லா, அவதான் போன்ல படத்தோட காட்டுனா. அவுகளாவது பேயி போகுதுங்காவ. நீரு பிரியாணி போகுதுங்கீரு. எவன் புத்திசாலின்னு நீரே சொல்லும்.

காத்தைப் பத்தி எங்கிட்ட பேசாதீரும். கல்யாணத்துக்கு முந்தி மாமன் கோயில்பட்டியில சோடாக் கம்பெனியில கைச்சக்கரம் சுத்துன ஆளு. தண்ணி ஊத்துன புட்டிகளை மெஷின்ல மாட்டி, சிலிண்டரத் தொறந்து விட்டு, தலைகீழா சுத்தணும். தண்ணி மறுக்கும், நாம சுத்தச் சுத்த காத்து உள்ள ஏறும். ஏறி நெருக்குனதும் கோலி கெளம்பிப் போயி கழுத்துல இருக்க ரப்பர் வளையத்துல ஒட்டிக்கிடும். அதுக்கு மூடி கிடையாது, ஆணி கிடையாது. காத்தே கோலியத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். சித்திர வெயில்ல சமயத்துல புட்டி வெடிக்கும். அந்தச் சத்தத்துக்குப் பயந்தே ஒரு பய வேலைய விட்டுட்டுத் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனான். வெடிக்குப் பயந்து தீப்பெட்டி ஆபீசுக்கு!

அந்தக் கோலிப் புட்டிய 1872-ல செஞ்சவரு ஹிராம் காட்னு ஒரு இங்கிலீஷ்காரரு. தகர மூடி வந்ததும் அவுக ஊர்ல அதைத் தூக்கிப் போட்டுட்டாவ. நாம விடல. மேடையில பேசுதவருக்கு தொண்டை காஞ்சா குடிக்கக் குடுக்கவும், பேச்சு பிடிக்கலன்னா அவரு மேலயே எறியவும் ஒரே புட்டிய வச்சுக் காலத்த ஓட்டுனோம்.

தண்ணிக்குள்ள காத்த ஏத்த வழி கண்டவரு இன்னொரு இங்கிலீஷ்காரரு, ஜோசப் பிரீஸ்ட்லி. பாதிரியாரு. 1767-ல லீட்ஸ் ஊர்ல பீரு காய்ச்சுத எடத்துக்குப் பக்கத்துல குடியிருந்தாரு. நொதிக்குற தொட்டிக்கு மேல நிக்குற காத்தைப் பிடிச்சு தண்ணியில கலந்து பாத்தாரு. நாக்குல சுள்ளுன்னு இருந்துச்சு. 1772-ல அதுக்கு ஒரு புத்தகமே போட்டாரு. கப்பல்ல போறவனுக்கு ஈறு வீங்கி ரத்தம் வர்ற ஸ்கர்வி நோய்க்கு இது மருந்தாகும்னு நம்புனாரு. ஆகல. ஸ்கர்விக்கு எலுமிச்சம்பழந்தான் மருந்து. பாதிரியாரு சோடாவ செஞ்சாரு, அதுல பாதிப் பழத்தைப் பிழிய மறந்துட்டாரு. நம்மூரு பெட்டிக்கடைக்காரன் பிழிஞ்சான்.

அப்புறம் வந்தவுகள்ல பல பேரு மருந்துக் கடைக்காரவுகதான் மருமவனே. 1886-ல அட்லாண்டாவுல கோலாவக் கலக்குன பெம்பர்ட்டன் மருந்து யாவாரி. தலைவலிக்கும் மூளைக்கும் நல்லதுன்னு வித்தாரு. 1893-ல வடக்கு கரோலினாவுல இன்னொரு கோலாவக் கலக்குன பிராட்ஹாமும் மருந்துக் கடைதான். செரிமானத்துக்கு நல்லதுன்னு வித்தாரு. வெள்ளையா, எலுமிச்ச வாசத்தோட ஒரு கலர் குடிக்கீர்லா, அது 1929-ல வந்தப்ப மனக்கோளாறுக்குக் குடுக்குற லித்தியத்தையே கலந்து வித்தாவ. 1948 வரைக்கும் ஓடுச்சு. ஆக, "குடிச்சா செமிக்கும்"னு நீரு சொல்லுதது உம்ம மூளையில உதிச்சது இல்ல. நூத்திமுப்பது வருசத்துக்கு முந்தின யாவாரப் பேச்சு, சுத்திச் சுத்தி நம்ம பிரியாணி இலைக்குப் பக்கத்துல வந்து ஒக்காந்திருக்கு.

இம்புட்டும் சொன்னதால மாமன் சோடாவுக்கு எதிரின்னு நெனைக்காதீரும். காத்து பாவம். அதுமேல எம்புட்டுப் பழி! காத்து எலும்ப உருக்கிரும்னு ஒருத்தன் வாட்சப்புல அனுப்புதான். ஆனா அமெரிக்காவுல ஃபிராமிங்காம்னு ஒரு ஊரு. 1948-ல இருந்து அந்த ஊரு சனங்களை டாக்டர்மாரு தலைமுறை தலைமுறையா சோதிச்சுக்கிட்டு வாராவ. 2006-ல அவுக சொன்னது இது: தெனமும் கோலா குடிச்ச பொம்பளையாளுகளுக்கு இடுப்பெலும்பு அடர்த்தி கொறைஞ்சிருக்கு. மத்த சோடா குடிச்சவுகளுக்கு அப்படி இல்ல. காத்துதான் காரணம்னா எல்லாச் சோடாவும்லா எலும்பத் தின்னுருக்கணும்? காத்தை விட்டுட்டு கோலாவுக்குள்ள வேற என்ன இருக்குன்னு பாக்கணும்.

காத்து செய்யுத சேட்டை ஒண்ணு உண்டு, அதையும் மறைக்காமச் சொல்லிருதேன். வயித்த ஊத வச்சு, உணவுக் குழாய்க்கும் வயித்துக்கும் நடுவுல இருக்க கதவைக் கொஞ்சம் தளத்தி விட்டுரும். ஏப்பம் வர்ற அதே வழியில புளிப்புத் தண்ணியும் மேல ஏறும். ராத்திரி பதினோரு மணிக்கு நெஞ்சைத் தடவிக்கிட்டு, "அத்தே, பிரியாணியில மசாலா கூடிப்போச்சோ"ன்னு கேக்கீரே, அது அவ மசாலா இல்ல. பழி மட்டும் அவளுக்கு.

இப்ப உண்மையான ஆளுக்கு வருவோம். காத்து சத்தம் போடுது, அதனால எல்லாரும் அதையே பாக்காவ. சீனி சத்தமே இல்லாம உள்ள போயிருது.

பாட்டிலத் திருப்பும். பின்னால எறும்பு எழுத்துல எழுதியிருக்கான். கண்ணாடியப் போட்டுக்கிட்டு வாசியும். நூறு மில்லிக்கு பத்தரை கிராம் சீனி. உம்ம கையில இருக்கது அறுநூறு மில்லி. லாரி வாடகைக்கு மனக்கணக்கு போடுத ஆளு, இதுக்கு மட்டும் ஏன் முழிக்கீரு? அறுபத்திமூணு கிராம். டீ ஸ்பூன் ஒண்ணுக்கு நாலு கிராம்னா பதினஞ்சு, பதினாறு கரண்டி. உலக சுகாதார நிறுவனம் 2015-ல சொன்னது, வளந்த ஆளுக்கு ஒரு நாளைக்கு இருபத்தஞ்சு கிராமுக்குள்ள இருந்தா ரொம்ப நல்லது, அதிகம் போனா ஐம்பது. நீரு மத்தியானத்து ஒத்த பாட்டில்லயே இன்னைக்குக் கணக்க முடிச்சு, நாளைக்குக் கணக்கையும் முடிச்சு, நாளான்னைக்குக் கணக்குலயும் கொஞ்சம் கடன் வாங்கிட்டீரு. உம்ம அத்தை காலையில டீயில ஒரு கரண்டி கூடப் போட்டதுக்கு "என்னத்தே, டீயா பாயாசமா"ன்னு கேட்டது யாரு? அப்ப மட்டும் நாக்கு நல்லா வேலை செய்யுது.

ஏன் இந்தப் பாட்டில்ல அந்த நாக்கு தூங்குதுன்னு கேளும். அங்கதான் கம்பெனிக்காரன் கெட்டிக்காரத்தனம். குளிர வச்சா இனிப்பு மட்டுப்படும். பாஸ்பாரிக் அமிலம்னு ஒரு புளிப்பைப் போட்டா இனிப்பு திகட்டாது. மேல காத்தை ஏத்தி நாக்கைச் சுள்ளுன்னு கடிக்க விட்டா, நாக்குக்கு இனிப்பை நெனைக்கவே நேரம் இருக்காது. மூணு பேரும் சேந்து பதினாறு கரண்டியப் பந்தலுக்கு உள்ள கூட்டிட்டுப் போயிருதாவ. நம்பிக்கை இல்லையா? இந்தப் பாட்டில்ல பாதிய இப்படியே தொறந்து வச்சிட்டுப் படும். நாளைக்கு விடிஞ்சதும், காத்தும் போயி, குளிரும் போயி, சூடா நிக்கும். ஒரு மடக்கு, ஒரே ஒரு மடக்கு குடிச்சுக் காட்டும். எங் காதுல இருக்க கடுக்கனக் கழட்டித் தாரேன்.

வேண்டாம், இல்லையா? கடுக்கன் தப்பிச்சுது.

இன்னொரு வேடிக்கை. பதினாறு கரண்டி சீனிய மிட்டாயா தின்னா வயிறு "போதும்யா"ங்கும். தண்ணியா எறக்குனா வயித்துக்குச் சோறு உள்ள வந்ததாவே கணக்கு கிடையாது. சாயங்காலம் அஞ்சு மணிக்கு அதே பசியோட வடை கேக்கீர்லா? சீனியில பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ். இந்த ரெண்டாவது ஆளைச் சமாளிக்குற வேலை பெரும்பாலும் ஈரலு தலையிலதான் விழுது. மொள்ளமா வந்தா அது பாட்டுக்குப் பாத்துக்கிடும். தெனமும் இப்படி மடமடன்னு கொட்டுனா, வச்சுக்கிட எடம் இல்லாம கொழுப்பா மாத்தி தனக்குள்ளயே அடுக்குது. போன மாசம் ஸ்கேன் எடுத்துட்டு வந்து "நான் ஒரு சொட்டு சாராயம் தொட்டதில்ல மாமா, ஈரல்ல கொழுப்புங்கான்"னு மூஞ்சியத் தொங்கப் போட்டீரே. டாக்டரு சாராயத்தைக் கேட்டாரு, நீரு சாராயத்துக்குத்தான் பதில் சொன்னீரு. கலரைப் பத்தி அவரும் கேக்கல, நீரும் சொல்லல. நல்ல விசாரணை!

உம்ம அப்பாவுக்குச் சீனி வியாதி, எங்க அக்காளுக்கும், அதான் உம்ம அம்மைக்கும் சீனி வியாதி. ரெண்டு பக்கமும் சீர்வரிசையா வந்திருக்கு. 2010-ல பல ஆய்வுகளைச் சேத்து வச்சுப் பாத்தவுக சொன்னாவ, இனிப்புக் குடிநீரு தெனம் ஒண்ணு ரெண்டு குடிக்குறவுகளுக்கு, தொடாதவுகள விட சீனி வியாதி வர்ற வாய்ப்பு நூத்துக்கு இருபத்தாறு பங்கு கூடன்னு. 2023-ல இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட கணக்குப்படி நாட்டுல 10.1 கோடிப் பேருக்குச் சீனி இருந்துச்சு. கோடிக்கணக்குல கூட்டம் நிக்கு, நானும் போயி நிக்கேன்னு என்ன அவசரம் உமக்கு? அது என்ன கோயில் கொடையா?

பல்லைக் காட்டும். சிரிக்கச் சொல்லல, காட்டச் சொன்னேன். முன்பல்லு ஓரம் கண்ணாடி கணக்கா இருக்குன்னு பேத்தி நேத்தே சொன்னா. பி.எச்.னு ஒரு அளவு இருக்காம். வாய்க்குள்ள அது அஞ்சரைக்குக் கீழ எறங்குனா பல்லு மேல இருக்க எனாமல் கரையத் தொடங்கும். உம்ம கோலா ரெண்டரை பக்கம் நிக்கு. பல்லை ராத்திரி கோலாவுல போட்டா காலையில கரைஞ்சு காணாமப் போயிரும்னு சொல்லுதது பொய்யி. அம்புட்டு வேகம் கிடையாது. ஆனா நீரு குடிக்குற லட்சணம் இருக்கே! ஆபீசு மேசையில வச்சுக்கிட்டு, பில்லு ஒண்ணுக்கு ஒரு மடக்கு. மடமடன்னு குடிச்சுத் தொலைச்சாலாவது எச்சி ஊறி அரை மணி நேரத்துல வாயைச் சரிக்கட்டும். நீரு அது சரிக்கட்டி முடிக்கதுக்குள்ள அடுத்த மடக்கு ஊத்துதீரு. அப்புறம் பயந்துபோயி ஓடிப்போயி பிரஷ்ஷைப் போட்டுத் தேய்க்கீரு. எளகி நிக்குற எனாமலைத் தேய்ச்சே எடுத்துருதீரு. தண்ணிய ஊத்திக் கொப்புளிச்சிட்டு கொஞ்ச நேரம் சும்மா இரும்.

"கோலாவ ஊத்தி கக்கூஸ் கழுவலாமாமே மாமா"ன்னு போனவாட்டி கேட்டீரு. கழுவலாம். எலுமிச்சம்பழத்தாலயும் கழுவலாம், புளியாலயும் வெளக்கலாம். குத்துவிளக்கு பளபளன்னு ஆகுதுன்னு ரசத்துல புளி போடாம விட்டமா? வாட்சப்பு வாத்தியாருக்கு இதெல்லாம் தெரியாது. அதை விடும், 2004-ல சத்தீஸ்கர் மாநிலத்துல துர்க், ராஜ்நந்த்காவ் பக்கம் சம்சாரிக நெல்லுக்குக் கோலாவ மருந்தா அடிச்சாவ. பூச்சி மருந்த விட மலிவு. பூச்சியும் கொறைஞ்சுதாம். ஒடனே "பாத்தியா, வெசம்"னு ஊரே கூவுச்சு. வெவசாயம் படிச்சவுக வேற சொன்னாவ: சீனித் தண்ணிக்கு எறும்பு வரும், வந்த எறும்பு புழுவைத் தின்னுரும். வெல்லத் தண்ணி தெளிச்சாலும் அதே வேலைதான். பயிருக்கு மேல தெளிச்சாலும் வேலையச் செஞ்சது சீனிதான் மருமவனே, அங்கயும் பேரு வாங்குனது வேற ஆளு.

ஞாயமாப் பேசணும்னா, ஆசுபத்திரியிலயே கோலாவ வைத்தியத்துக்குக் குடுக்காவ. வயித்துக்குள்ள காய்கறி நாரு உருண்டையாக் கட்டிக்கிட்டா, கோலாவக் குடிக்க வச்சு கரைக்குறது உண்டு. பாதிப் பேருக்கு அதுலயே கரைஞ்சிருக்கு. உமக்கு நாரு உருண்டை கட்ட வாய்ப்பே இல்ல. காய்கறிய இலை ஓரத்துல ஒதுக்கி வச்சிருக்கீரே, பாக்கேன்லா.

சனவரி 2017-ல ஜல்லிக்கட்டுக்குக் கூட்டம் கூடுனப்ப நீரு என்ன ஆட்டம் ஆடுனீரு! வெளிநாட்டுக் கோலாவ ரோட்டுல ஊத்துனீரு. மார்ச் ஒண்ணாந்தேதியில இருந்து விக்க மாட்டோம்னு கடைக்காரவுக சங்கமும் சொல்லுச்சு. நல்ல காரியம். தாமிரவருணித் தண்ணியக் கோலாக் கம்பெனிக்கு அள்ளிக் குடுக்கதை எதுத்துச் சண்டை போட்டதும் ஞாயந்தான், அது ஆத்தங்கரைக்காரன் வயித்தெரிச்சல். ஆனா நீரு அதுக்கப்புறம் என்ன செஞ்சீரு? "நாட்டுக் கலருதான் குடிப்பேன்"னு சொல்லி, ஒண்ணு குடிச்ச எடத்துல ரெண்டு குடிச்சீரு. விருதுநகர்ல 1916-ல தொடங்குன காளிமார்க்கு இருக்கே, வெள்ளைக்காரன் காலத்துல இருந்து நின்னு காட்டுன யாவாரம், எனக்கும் அதுல பெருமைதான். பன்னீர் சோடாவுக்கு நானும் அடிமைதான். ஆனா ஈரலுக்குத் தேசபக்தி கிடையாது மருமவனே. சீனி அட்லாண்டாவுல இருந்து வந்துதா விருதுநகர்ல இருந்து வந்துதான்னு அது பாஸ்போர்ட்டு வாங்கிப் பாக்காது.

"அப்ப சீனி இல்லாத பாட்டில் வாங்குதேன்"ங்கீரா? வாங்கும். பதினாறு கரண்டி போயிருச்சு, அது லாபந்தான். அதுல போடுத ஆஸ்பர்டேமை 2023-ல 'புத்துநோய் வரலாம்'ங்குற சந்தேகப் பட்டியல்ல சேத்தாவ. ஆனா ஒரு நாளைக்கு இம்புட்டு வரைக்கும் எடுக்கலாம்ங்குற அளவ மாத்தல. எழுபது கிலோ ஆளு அந்த அளவைத் தாண்டணும்னா ஒரு நாளைக்கு ஒம்போது டின்னுக்கு மேல குடிக்கணும். உம்மளால முடியும், ஆனா செய்யாதீரும். அதே வருசம் உலக சுகாதார நிறுவனம் இன்னொண்ணும் சொல்லுச்சு: எடை கொறையும்னு நம்பி இதைக் குடிக்காதீகன்னு. பல்லைத் தின்னுத புளிப்பும் அப்படியேதான் இருக்கு. அதைக் குடிச்சிட்டு "மிச்சம் பிடிச்சேன்"னு ரெண்டு லட்டு எடுத்துக்கிடுத ஆளு நீரு. போன தீவாளிக்குப் பாத்தேன்.

இதெல்லாம் உம்ம வயிறு, உம்ம பல்லு, உம்ம பாடு. கேலி பண்ணிட்டுப் போயிருவேன். ஆனா பேரப்பய விசயத்துல கேலி கிடையாது. அவனுக்கு வயித்தால போனப்ப, "டிரிப்பு ஏத்துன மாதிரி"ன்னு சொல்லி வெள்ளைக் கலர ஊத்திக் குடுத்தது நீருதான? இனிமே அந்த வேலை வச்சுக்கிடாதீரும். வயித்தால போற பிள்ளைக்குத் தண்ணியோட உப்பும் வெளிய போகுது. கலர்ல உப்பு ஒரு சொட்டு, சீனி ஒரு வண்டி. அம்புட்டுச் சீனி கொடலுக்குள்ள எறங்குனா, ஒடம்புல இருக்க தண்ணியவும் கொடலு பக்கம் இழுத்துரும். இன்னும் நாலு தடவை போகும். சுகாதார நிலையத்துல சும்மாவே குடுக்காவ ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டு; ஒரு லிட்டரு காச்சி ஆற வச்ச தண்ணியில முழுசாக் கரைச்சு, கொஞ்சங் கொஞ்சமாக் குடுக்கணும். கடையில டப்பாவுல இருக்க இனிப்புத் தண்ணி எல்லாம் அதே பேரப் போட்டுக்கிட்டு வித்துச்சு. அப்படிப் பேரு போடப்படாதுன்னு 2025-ல உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவே போட்டுருச்சு. பேத்தி இந்த எடத்துல மட்டும் ரெண்டு தடவை சொல்லச் சொன்னா, நான் ஒரு தடவை சொன்னா உமக்குப் புரியும்னு நெனைக்கேன்.

அந்தப் பய ராத்திரி பத்து மணிக்கும் கட்டில் மேல குதிக்கான்னு உம்ம வீட்டுக்காரி பொலம்புதா. அறுநூறு மில்லி கோலாவுல அறுபது மில்லிகிராம் காஃபீன். நமக்கு ஒரு டம்ளர் காப்பி கூட ஆகாது. பதினஞ்சு கிலோ இருக்க பயலுக்கு அது என்ன ஆகும்? நீரு குடிச்சுத் தூங்கிருதீரு, அவன் உம்ம பாட்டில்ல கால்வாசியக் குடிச்சு உம்ம மேலயே ஏறி மிதிக்கான். அது ஞாயமான தண்டனைதான்.

மெக்சிகோக்காரன் 2014-ல லிட்டருக்கு ஒரு பெசோன்னு வரியப் போட்டான். முதல் வருசமே விக்கது ஆறு சதவீதம் பக்கம் கொறைஞ்சுது. நம்ம நாட்டுல கலருக்கு நூத்துக்கு நாப்பது வரி. நீரு ஒரு நாளும் அசரலியே! கிட்டங்கியில சுமை எறக்குறவனுக்கு ரெண்டு ரூவா கூடக் கேட்டா ஒரு மணி நேரம் பேசுத மனுசன், இதுக்கு மட்டும் சில்லறை வாங்காம வாரீரு.

மாமன் என்னதான் சொல்லுதாருன்னு முழிக்கீரா? விட்டுருன்னு சொல்லல. சொன்னா நீரு லாரி ஆபீசுல ஒளிச்சு வச்சுக் குடிப்பீரு. தாகத்துக்குக் குடிக்காதீரும், அதுக்குத் தண்ணி இருக்கு. செமிக்கணும்னு குடிக்காதீரும், அதுக்குக் கொஞ்சம் நடந்துட்டு வாரும், கம்மாக்கரை என்ன தேஞ்சா போகும்? ஆசைக்குக் குடிக்கணும்னா என்னைக்காவது, சின்ன பாட்டில், சோத்தோட சேத்து, ஒரே மூச்சுல குடிச்சு முடிச்சிரும். பிரியாணி வீட்டுல சுள்ளுன்னு ஒண்ணு வேணும்னா, வெறும் கோலி சோடாவுல எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சு ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுக் குடியும். அதுலயும் புளிப்பு பல்லைப் பாக்கும்தான், உப்பு ரத்தக்கொதிப்பைப் பாக்கும்தான். தெனம் நாலு போடச் சொல்லல. மோரை நான் சொல்லவே இல்ல பாத்தீரா? சொன்னா "கெழவன் மோருக்கு வந்துட்டான்"னு எந்திரிச்சுப் போயிருவீருன்னு தெரியும். அது பானையில அந்த மூலையில இருக்கு, அது பாட்டுக்கு இருக்கட்டும்.

இப்ப வந்த காரியத்தைப் பேசுவோம். உம்ம தங்கச்சி வளைகாப்புக்கு பந்தியில வைக்க முந்நூறு பாட்டில் கலர் சொல்லியிருக்கீராம், அதுவும் தாய்மாமன் சீர்ல எழுதி எந் தலையில. பிள்ளைத்தாச்சிப் பொண்ணு, போன வாரம்தான் டாக்டரு சீனிய அளந்து பாத்துக் கவனமா இருக்கச் சொல்லியிருக்காரு. அவளைச் சுத்தி முந்நூறு பேரு ஒக்காந்து கலர உறிஞ்சுவாவ, அவ வேடிக்கை பாக்கணுமோ? ரத்து பண்ணியாச்சு. மாமனே போன் போட்டு ரத்து பண்ணிட்டேன். புளியங்குடி எலுமிச்சம்பழம் ஒரு மூட்டைக்குச் சொல்லிவிடும், வெயில் ஏறுனா வெலையும் ஏறிரும். சோடாவுக்கு நம்ம பழைய மொதலாளி மவன்கிட்ட நான் பேசிக்கிடுதேன். காலிப் புட்டிக்கு முன்பணம் கேப்பான்; கோலிப் புட்டி இப்ப கிடைக்குறது அருமை, ஒடைஞ்சா விட மாட்டான். அந்த முன்பணத்தை மட்டும் நீரு குடுத்துரும்.